எட்டுக் கிரகமும் எங்கள் மாடிக் கதவும்

என் வயதுக்காரர்களுக்கு எட்டுக் கிரகம் ஒன்றாகக் கூடிய அந்தத் தை மாதம் கட்டாயம் நினைவிருக்கும். பேரப்பிள்ளைகளிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். நீங்கள் சிரிக்க மாட்டீர்கள் என்று நம்பித்தான் எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் யாராவது அரிசிப் பானையைத் திறந்து திறந்து பார்த்திருப்பார். யாராவது வெளியூரில் இருக்கும் மகனுக்கு உடனே வா என்று தந்தி கொடுத்திருப்பார். எப்படியும் உலகம் அழியப் போகிறது, இந்தக் கோழியை எதற்கு மிச்சம் வைப்பது என்று குழம்பு வைத்தவர்களும் இருப்பார்கள்.

அப்போது நாங்கள் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மாடியில் வாடகைக்கு இருந்தோம். மாடி என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரே அறை. அதன் மூலையிலேயே சமையல். தெருப் பக்கம் ஒரு ஜன்னல், முற்றத்துப் பக்கம் ஒரு ஜன்னல், ஒரே ஒரு கதவு. கதவைத் திறந்தால் குறுகலான மரப்படி. அது கீழே வீட்டுக்காரர்களின் முற்றத்தில் போய் இறங்கும். தண்ணீர் தூக்குவதும் எச்சில் கொட்டுவதும் எல்லாம் அந்தப் படி வழியாகத்தான்.

எங்கள் தரை, பலகை பரப்பி மேலே சுண்ணாம்பு கொட்டிய பழைய தரை. ஒரு சொம்பு தண்ணீர் சிந்தினால் கீழே வீட்டுக்காரம்மாவின் பூஜை அறையில் சொட்டும். அதனால் குடிவந்த அன்றே அவர் சட்டம் போட்டுவிட்டார். மேலே குளிக்கக் கூடாது. அம்மியை நகர்த்தக் கூடாது. சுவரிலோ ஜன்னல் கட்டையிலோ ஆணி அடிக்கவே கூடாது. எங்கள் மாதா படம்கூட ஆணி இல்லாமல் அரிசி டின்னின் மேல் சாய்ந்துதான் நின்றது.

அப்பா லாரி டிரைவர். வெண்ணந்தூர்ப் பக்கம் காடு தோட்டம் உள்ள குடும்பத்தில் பிறந்தவர். அம்மா டவுனில் பிறந்த வேதக்காரப் பெண். அம்மாவைக் கட்டிக்கொள்வதற்காக அப்பா ஞானஸ்நானம் வாங்கினார். அதோடு அவரை ஊரில் தோட்டத்துப் பக்கம் சேர்க்கவில்லை. அந்தத் தை மாதத்தில் எங்கள் தெருவில் பாதிப் பேர் மூட்டை கட்டிக்கொண்டு சொந்த ஊருக்குப் போனார்கள். செத்தாலும் சொந்தபந்தத்தோடு சாகலாம் என்று. எங்களுக்குப் போக ஊர் இல்லை. வாடகை கொடுத்த அந்த ஒரு அறைதான்.

வீட்டுக்காரம்மாவுக்கு அம்மாவைச் சீண்டாமல் பொழுது போகாது. பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். மாடியம்மா என்பார்.

"மாடியம்மா, உங்க சாமியார் என்ன சொல்றாரு? உங்க ஆளுங்களுக்குக் கிரகம் ஒண்ணும் பண்ணாதாமா?"

"எங்களுக்குக் கிரகமே கெடையாதுங்கம்மா."

"அதெப்படி? மேலருந்து எறங்குற சனி உன் மாடியத் தாண்டித்தானே எங்ககிட்ட வரணும்? மொதல்ல நீதான்."

அம்மா சிரித்துவிட்டு மேலே வந்தாள். வந்ததும் நிமிர்ந்து கூரையைப் பார்த்தாள். எங்கள் தலைக்கு மேலே நாட்டு ஓடு மட்டும்தான் இருந்தது.

கோயிலில் சாமியார் அந்த ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் கிரகத்தை நம்புகிறவன் கிறிஸ்தவனே இல்லை என்று மேசையைத் தட்டிச் சொன்னார். அம்மா நம்பவில்லை. சத்தியமாக அவள் கிரகத்தை நம்பவில்லை. அவள் நம்பியது வேறொன்றை. அதை ஓமலூர்ப் பக்கத்திலிருந்து பஸ் ஏறிக் கொண்டுவந்து இறக்கியது பெரியம்மா.

பெரியம்மா வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு, எங்களை அருகில் உட்காரவைத்துச் சொன்னாள். கிரகம் கூடுகிற சனிக்கிழமைக்கு மேல் எந்நேரமும் மூன்று நாள் இருட்டு வரும். சூரியன், நிலா ஒன்றும் இருக்காது. விளக்கு எரியாது, பல்பு எரியாது. காணிக்கை மாதா திருநாளில் மந்திரித்த மெழுகுதிரி மட்டும் எரியும். கதவு ஜன்னல் எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு செபம் சொல்ல வேண்டும். வெளியே கண்ணால் பார்க்கக் கூடாது. பார்த்தவர் அந்த இடத்திலேயே விழுந்து செத்துப்போவார்.

"பேய் வந்து கதவத் தட்டும்" என்றாள் பெரியம்மா. "சும்மா தட்டாது. உன் புருசன் கொரல்ல கூப்பிடும். உன் புள்ள கொரல்ல அழுவும். தொறந்தியோ, போச்சு. நம்ம செபம் இருக்குல்ல, விசுவாசப் பிரமாணம், அதச் சொல்லச் சொல்லு. பேய்க்கு அது வாயில வராது. பாதியில நிக்கும்."

அக்காவுக்கு அப்போது பன்னிரண்டு வயது இருக்கும். வாய்த் துடுக்கு. "ஏன் பெரியம்மா, பூசையில சொல்ற லத்தீன் மட்டும் பேய்க்கு வருமா?" என்று கேட்டு மண்டையில் குட்டு வாங்கினாள்.

"இதெல்லாம் சாமியார் சொல்லவே இல்லையேக்கா" என்றாள் அம்மா.

"அவங்களுக்குத் தெரியும்டி. சொன்னா சனம் பயந்துரும்னு மூடி வச்சிருக்காங்க."

பெரியம்மா சாயங்கால பஸ்ஸில் போய்விட்டாள். எங்கள் அறையில் பயம் தங்கிவிட்டது. அன்றிலிருந்து அம்மா ஓரிடத்தில் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. குழந்தையை, அதாவது என் கைக்குழந்தைத் தங்கச்சியை, இடுப்பில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்துகொண்டே இருப்பாள். நடந்துகொண்டே, விரலை மடக்கி என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று முணுமுணுப்பாள். எனக்கும் அது தொற்றிக்கொண்டது. காரணமே இல்லாமல் படியில் ஏறுவேன், இறங்குவேன். முற்றத்தில் நின்று வானத்தைப் பார்ப்பேன். வானம் எப்போதும்போலத்தான் இருந்தது. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

காசு புழங்காத வீட்டில் ஆபத்துக்குச் சேர்த்து வைப்பது எப்படி என்று அந்த வாரம்தான் பார்த்தேன். எண்ணெய்க் கடையில் காலி மண்ணெண்ணெய் டின்களை இரவல் வாங்கி, புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துத் தண்ணீர் நிரப்பினாள். எத்தனை தேய்த்தும் வாடை போகவில்லை. ராகியை வறுத்து அரைத்து வைத்தாள். அவல், வெல்லம். கொஞ்சக் காசுக்கு மூட்டை நிறைகிற சாமான் பொரி ஒன்றுதான் என்பதால் பொரி வாங்கினாள். மூலையில் அந்த மூட்டை உப்பிக்கொண்டு நின்றதைப் பார்த்தால் எங்களுக்கு எவ்வளவோ இருப்பதுபோல் தெரியும். அக்கா அதில் தினமும் ஒரு ஓட்டை போட்டுத் தின்ன, அது இளைத்துக்கொண்டே வந்தது.

மெழுகுதிரிதான் சிக்கல். கடைத் திரி வாங்க வசதியில்லை. கோயிலில் பீடம் துடைக்கிறவரிடம் கேட்டு, எரிந்து மிஞ்சிய துண்டுகளை முந்தானையில் முடிந்து கொண்டுவந்தாள். தகர டப்பாவில் போட்டு உருக்கினாள். பப்பாளி இலைக் காம்பு உள்ளே குழலாக இருக்கும் அல்லவா, அதன் நடுவில் நூலைக் கோத்து நிறுத்தி மெழுகை ஊற்றினாள். ஆறியதும் காம்பை உரித்தால் உள்ளே திரி. அழுக்கு மஞ்சளில், ஒன்று நேராக, ஒன்று கோணலாக. அந்தப் பப்பாளிப் பால் வாடையும் மெழுகு வாடையும் கலந்த வாசனை இப்போது எங்கும் இல்லை. காணிக்கை மாதா திருநாளன்று மற்றவர்கள் வெள்ளை வெளேரென்று திரி பிடித்து நிற்க, அம்மா இந்தக் கோணல் திரிகளைத் துணியில் மூடியபடியே நீட்டினாள். சாமியார் அவற்றின் மேலும் தீர்த்தம் தெளித்தார்.

குழந்தைக்குப் பால் பவுடர் கோயிலில் கொடுத்தது இருந்தது. அதைக் கரைக்க வெந்நீர் வேண்டும். வெந்நீருக்குக் குமுட்டி அடுப்பு வேண்டும். இஸ்திரி போடுகிறவரிடம் உதிர்ந்த கரித்தூளைச் சும்மாவே வாங்கிவந்து, சாணியோடு பிசைந்து உருண்டை பிடித்துக் காயவைத்தாள். ஒரு உருண்டை போட்டால் பொழுதுக்கும் கனன்றுகொண்டே கிடக்கும் என்று எங்களிடம் பெருமையாகச் சொன்னாள்.

கடைசியாக ஜன்னல். பலகை வைத்து அடைக்க ஆணி அடிக்க வேண்டும். ஆணி அடிக்கக் கூடாதே. அப்பா ஏற்றிப்போகும் மரவள்ளிக் குச்சிக்கிழங்கு மாவு மூட்டையிலிருந்து லாரித் தட்டில் சிந்தியதைக் கூட்டி அள்ளி வருவார். அதைக் காய்ச்சிப் பசை எடுத்தாள். பழைய காகிதத்தை இரண்டு மூன்று மடிப்பாக ஜன்னல் இடுக்கு, ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள இடுக்கு, எல்லாவற்றிலும் ஒட்டினாள். அந்தப் பசை காய்ந்தால் கல். ஆணி அடித்திருந்தால்கூடக் காற்றுக்கு எங்காவது வழி இருந்திருக்கும்.

இதற்கு நடுவில் அப்பாவுக்குப் பம்பாய்க்கு ஒரு லோடு வந்தது. ஜவ்வரிசி. மற்ற டிரைவர்கள் எல்லாம் இந்த வாரம் வண்டி எடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். எடுத்தால் ரெட்டைப் படிக்காசு தருவதாக முதலாளி சொன்னாராம்.

"போகாதீங்க" என்றாள் அம்மா.

"ஏம்புள்ள, எட்டுக் கிரகமும் எதுக்க ஒரே ரோட்டுல வந்தா ஆரன் அடிச்சு ஒதுங்கிக்கறேன். ஊட்டு வாடகைய ஆரு குடுப்பா, சனி பகவானா?"

"வெளையாடாதீங்க. சனிக்கிழமைக்குள்ள வந்துருங்க. அதுக்கு மேல இருட்டு வந்தா கதவ மூடிருவேன்."

"மூடு. நா வந்து தட்டறேன்."

"தட்டுனாலும் தொறக்க மாட்டேன்."

அப்பா சத்தம் போட்டுச் சிரித்தார். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தார். சிரிப்பை நிறுத்திவிட்டு, "செரி, பேய்க்கு வராதுன்னயே, அந்த மந்திரத்தச் சொல்லிக் குடு" என்று காலை மடக்கி உட்கார்ந்தார்.

அப்பாவுக்கு மந்திரமே வராது. ஞானஸ்நானத்துக்கு முன்னால் ஒப்பிக்க வேண்டியதை உபதேசியார் பக்கத்தில் நின்று அடியெடுத்துக் கொடுத்து, இருமி இருமி மறைத்து, எப்படியோ தேற்றிவிட்டாராம். அன்றைக்கு அம்மா வரி வரியாகச் சொல்ல அப்பா திருப்பிச் சொன்னார். நன்றாகத்தான் போனது. யேசுநாதரைச் சிலுவைக்கு ஒப்புக்கொடுத்த அந்த அதிகாரியின் பெயர் வந்ததும் வண்டி நின்றுவிட்டது.

"போஞ்சு பிலாத்து" என்றாள் அம்மா.

"போஞ்சு... என்ன புள்ள இது, ஆர்.டி.ஓ. பேராட்டம் வாயிலயே நிக்க மாட்டேங்குது!"

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. "போற வழியெல்லாம் சொல்லிக்கிட்டே போங்க" என்றாள். அப்பா என் கன்னத்தைக் கிள்ளி, "வாரேன் சாமி" என்று படி இறங்கினார்.

அன்று முதல் எனக்கு ஒரே கவலைதான். உலகம் அழிவதைப் பற்றி அல்ல. கதவு சாத்தும்போது அப்பா எந்தப் பக்கம் இருப்பார் என்பது.

சனிக்கிழமை வந்தது, அப்பா வரவில்லை. நான் தெருவில் ஒவ்வொரு லாரிச் சத்தத்துக்கும் ஓடினேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தோம். வெயில் நன்றாக அடித்தது. அம்மா கதவை மூடவில்லை. ஒரு காலை வாசல்படிக்கு வெளியே வைத்துக்கொண்டு, ஒரு கையால் கதவைப் பிடித்தபடி நின்றாள். குழந்தை சிணுங்கியது. "இப்ப வந்துருவாரு, இப்ப வந்துருவாரு" என்று குழந்தையிடம் சொன்னாள்.

தெருமுனையில் வியாபாரிகள் எல்லாம் சேர்ந்து பந்தல் போட்டு யாகம் வளர்த்தார்கள். மதியம் ஆனதும் குடம் குடமாக நெய்யும் ஈர மரக்குச்சியும் கொட்டினார்கள் போலிருக்கிறது. கரும்புகை எழுந்து எங்கள் தெருவை மூடியது. வெயில் சிவந்தது. பிறகு மங்கியது. முற்றத்தில் இருந்த துளசி மாடம் தெரியவில்லை. கீழே யாரோ "கோவிந்தா!" என்று கத்தினார்கள்.

அம்மாவுக்கு யாகம் தெரியவில்லை. இருட்டுத்தான் தெரிந்தது.

காலை உள்ளே இழுத்தாள். "அப்பா வரலியேம்மா" என்று நான் அவள் புடவையைப் பிடித்தேன். அவள் என்னைப் பார்க்காமல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். கிண்ணத்தில் இருந்த மிச்சப் பசையை எடுத்து, கதவு இடுக்கிலும் காகிதத்தை ஒட்டினாள்.

உள்ளே பட்டப்பகலில் இருட்டு. கோணல் திரி ஒன்று மாதா படத்துக்கு முன்னால் எரிந்தது. குமுட்டியில் கரி உருண்டைகள் சிவப்பாகக் கனன்றன. நாங்கள் ஜெபமாலை சொன்னோம். அம்மா அருள் நிறைந்த மரியே சொல்ல, நாங்கள் மிச்சத்தைச் சொல்வோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அறை அனலாக இருந்தது. எனக்கு நெற்றிப் பொட்டு இரண்டும் விண்விண் என்று தெறித்தது. அக்கா எழுந்தாள், தள்ளாடினாள், வாந்தி எடுத்தாள். அவள் கை பட்டு ஒரு தண்ணீர் டின் கவிழ்ந்தது. தண்ணீர் தரையில் ஓடியது.

"பயப்படாதீங்க. அது வெளியதான் இருக்குது. உள்ள வராது" என்றாள் அம்மா. அவள் பேச்சும் குழறியது.

கரி உருண்டையின் புகை என்று இன்றைக்கு உங்களுக்கும் எனக்கும் தெரிகிறது. வாடை இல்லாத அந்த நஞ்சைப் பற்றி ஆஸ்பத்திரி டாக்டரம்மா பிறகு சொல்லித்தான் எங்களுக்கே தெரியும். அப்போது அம்மாவுக்குத் தெரிந்ததெல்லாம், ஆபத்து கதவுக்கு வெளியே இருக்கிறது என்பதுதான்.

அப்போதுதான் கதவு தட்டப்பட்டது.

"ஏம்புள்ள, நாந்தான். கதவத் தொற."

அப்பாவின் குரல். எழுந்து ஓடப்போனேன். அம்மா என் தலைமுடியைப் பிடித்து உட்காரவைத்தாள். என் வாயைப் பொத்தினாள்.

"யாரு?"

"யாரா? என்ற ஊட்டுக் கதவத் தட்டி நான் யாருன்னு வேற சொல்லோணுமா? வண்டி புனாவுல மக்கர் பண்ணிப்போட்டுது. தொற புள்ள, பசிக்குது."

"விசுவாசப் பிரமாணம் சொல்லுங்க."

வெளியே பையைத் தொப்பென்று இறக்கி வைக்கும் சத்தம். பிறகு, "இப்பவா?" என்றது குரல்.

"இப்பத்தான்."

படியில் இன்னும் சில காலடிகள். வீட்டுக்காரம்மாவின் குரல் கேட்டது. "ஏம்மா மாடியம்மா! என் பூஜ ரூம்புல சலசலன்னு ஊத்துது! கிரக சாந்தி நடக்கறப்ப தீட்டுத் தண்ணிய ஊத்துறியே, உனக்கே அடுக்குமா? கதவத் தொற!"

அம்மா எங்கள் காதருகில் வந்து, "பாத்தீங்களா, எல்லார் கொரல்லயும் வருது" என்றாள்.

"அது நெசமா வீட்டுக்காரம்மாதாம்மா" என்றாள் அக்கா, சுவரில் சாய்ந்தபடி. "பேய்க்கு எதுக்கும்மா பூஜ ரூம்பு?"

வெளியே அப்பா தொண்டையைக் கனைத்தார். ஆரம்பித்தார். பிதாவைச் சொன்னார். சுதனைச் சொன்னார். கன்னிமரியம்மாளைச் சொன்னார். நான் அம்மாவின் கைக்குள் வாய் பொத்தப்பட்டபடி அவரோடு கூடவே மனசுக்குள் சொன்னேன். அடுத்த வார்த்தைக்குக் காத்திருந்தேன்.

"போஞ்சு..." என்றார் அப்பா. "போஞ்சு... அட, வழி நெடுக வந்துச்சே. சோலாப்பூர் வரைக்கும் சொன்னனே. அந்த அதிகாரி... போஞ்சு..."

"யாருங்க அது, போஞ்சு?" என்றார் வீட்டுக்காரம்மா.

"உங்களுக்குத் தெரியாதுங்கம்மா, சும்மாருங்க. போஞ்சு..."

நின்றுபோனது. பெரியம்மா சொன்னதுபோலவே, பாதியில்.

அம்மாவின் கை என் வாயில் இறுகியது. மெழுகுதிரி வெளிச்சத்தில் அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்ததைப் பார்த்தேன். அவர் எங்கேயோ ரோட்டில் செத்துக் கிடக்கிறார், அவர் குரலை எடுத்துக்கொண்டு இது வந்திருக்கிறது என்று அவள் முடிவு செய்துவிட்டாள். "போயிரு" என்று கதவைப் பார்த்துச் சொன்னாள். "எம் புருசன் கொரல்ல பேசாத. போயிரு."

வெளியே அப்பாவுக்குக் கோபம் வந்தது. கதவை ஓங்கித் தட்டினார். படி அதிர்ந்தது. வீட்டுக்காரம்மா, கதவை உடைத்தால் யார் செய்து கொடுப்பது என்று கத்தினார். அப்பா தட்டுவதை நிறுத்தினார். அப்புறம் அவர் குரல் வேறு மாதிரி வந்தது.

"ஏம்புள்ள. இத்தன தட்டறேன். பாப்பா அழுவவே இல்லையே?"

அம்மா திரும்பினாள்.

தங்கச்சி பாயில் கிடந்தது. சின்னச் சத்தத்துக்கே வீல் என்று கத்துகிற பிள்ளை. அம்மா அதைத் தூக்கினாள். தலை பின்னால் தொங்கியது. கன்னத்தைத் தட்டினாள். காலைச் சுண்டினாள். பெயர் சொல்லி அழைத்தாள். நெஞ்சில் காது வைத்தாள். அக்கா தரையில் சுருண்டு படுத்திருந்தாள். எனக்கு எழுந்திருக்கக் கால் வரவில்லை.

அம்மா குழந்தையோடு கதவுவரை போனாள். திரும்பி மாதா படத்துக்கு வந்தாள். மறுபடியும் கதவுக்குப் போனாள். வாரம் முழுக்க நடந்த அதே நடை. கதவுக்கு முன் நின்று, "நீ யாரா இருந்தாலும் சரி" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். வெளியே கேட்டிருக்காது. "எம் புள்ளய டாக்டர்கிட்டத் தூக்கிட்டுப் போ."

காகிதத்தை நகத்தால் கிழித்தாள். தாழ்ப்பாளை இழுத்தாள். கதவு பசையைப் பிய்த்துக்கொண்டு திறந்தது. வெளிச்சம் உள்ளே கொட்டியது. எனக்குக் கண் கூசியது. அம்மா இரண்டு கையிலும் குழந்தையை ஏந்தி வெளியே நீட்டினாள். யாரோ வாங்கிக்கொண்டார்கள். படியில் தடதடவென்று காலடி இறங்கியது. வீட்டுக்காரம்மா, "ஐயோ, புள்ளைக்கு என்ன ஆச்சு! தண்ணி, தண்ணி!" என்று கத்திக்கொண்டே கூட ஓடினார்.

அப்பா அதற்குப் பிறகு வாழ்ந்த காலமெல்லாம் இதைச் சொல்லிச் சிரித்தார். பொண்டாட்டி புருசனை வாசலில் நிறுத்தி மந்திரம் கேட்டாள், நான் ஆர்.டி.ஓ. பேரை மறந்து ஃபெயிலாகிவிட்டேன் என்று. தங்கச்சி கல்யாணப் பந்தியிலும் சொன்னார். அவள் பிள்ளைகளுக்கும் சொன்னார். எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அம்மாவும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள். கடைசியில் புருசன்தான் என்று புரிந்துகொண்டு திறந்துவிட்டாள் என்றே அப்பா கதையை முடிப்பார். அவள் அதைத் திருத்தியதே இல்லை. பத்துப் பேர் கூடிய இடத்தில் எனக்கும் வாய் வராது. அதனால் அவர் அறியாததை உங்களிடம் சொல்கிறேன். அவர் குழந்தையோடு கீழே ஓடிவிட்டார். நான்தான் வாசலில் அம்மாவின் பக்கத்தில் இருந்தேன்.

நான் தவழ்ந்துதான் வாசலுக்கு வந்தேன். காற்று முகத்தில் பட்டதும் மூச்சு மூச்சாக வாங்கினேன். அம்மா அசையாமல் நின்றாள். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாள். இமை சுருங்கி, முகமே சுருங்கி, அவ்வளவு இறுக்கம். தாழ்ப்பாளைத் தொட்டபோதே மூடியிருக்க வேண்டும். குழந்தையை வாங்கிய கையை அவள் பார்க்கவே இல்லை.

கீழே முற்றத்தில் சளார் என்று தண்ணீர் அடிக்கும் சத்தம். வீட்டுக்காரம்மா சாமி பெயரையெல்லாம் சொல்லி அழைக்கும் சத்தம். பிறகு ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ஒரு சின்ன இருமல். அதன் பின்னால் தங்கச்சி வீறிட்டு அழுதது.

அம்மா அப்போதும் கண்ணைத் திறக்கவில்லை.

"யாரு வாங்குனது?" என்றாள் என்னிடம். "நீ பாத்தியா?"

நான் படிக்கட்டின் விளிம்பைப் பிடித்துக் கீழே எட்டிப் பார்த்தேன். புகை விலகி முற்றத்தில் வெயில் விழுந்திருந்தது. லாரித் தூசியும் கிரீஸுமாக ஒரு ஆள், ஈரக் குழந்தையைத் தோளில் போட்டு முதுகைத் தட்டிக்கொண்டு, இங்கும் அங்கும் நடந்துகொண்டிருந்தார்.

"அப்பாம்மா."

"நல்லாப் பாரு."

நல்லாப் பார்த்தேன். "அப்பாதாம்மா. நம்ம அப்பா."

அதற்குப் பிறகுதான் அம்மாவின் கை இறங்கியது. வாசல்படியிலேயே உட்கார்ந்தாள். வெயில் படுகிற இடமாகப் பார்த்து முகத்தைத் திருப்பி, கண்ணைத் திறந்தாள்.